சூசைக்குக் கிடைக்காத பங்க் கடை

ஜூன் பிறந்துவிட்டால் இராயபுரம் கல்மண்டபத்து ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடமிருக்காது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு இ-சேவை மையத்துக்கு நடப்பார்கள். சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் வேகமாக ஏறும். மதம் என்ற கட்டம் வந்ததும் சில வீட்டாருக்கு மட்டும் வேலை நின்றுபோகும். "என்னக்கா போடறது?" என்று கணினி முன்னால் இருக்கும் பையன் கேட்பான். பதில் சொல்வதற்கு முன், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அந்த அம்மா ஒருமுறை பார்த்துக்கொள்வார். சபையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் வடசென்னையில் புதுமை இல்லை. சபையில் அவர் மேரியாக இருப்பார். கார்டில் மாரியம்மாளாக இருப்பார்.

இந்திய அரசமைப்பின் 25ஆவது பிரிவு எல்லோருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. விரும்பிய மதத்தை ஏற்கலாம், கடைப்பிடிக்கலாம், பரப்பலாம். அந்தச் சுதந்திரத்தின் அளவு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால், அந்த ஒற்றைக் கட்டத்தின் முன்னால் நின்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இராயபுரத்துக்குக் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை இராயப்பர் என்பார்கள்; ஊர்ப்பெயரே அவரிடமிருந்து வந்தது என்று இங்குள்ளோர் சொல்வது வழக்கம். மெட்ராஸுக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், கடலில் தள்ளி நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய படகோட்டிச் சமூகத்தார் எழுப்பியது புனித இராயப்பர் ஆலயம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த அந்தக் கோயிலைச் சுற்றி மாதா கோயில் தெருக்கள். கொஞ்ச தூரத்தில் அங்காளம்மன் கோயில், பள்ளிவாசல், பார்சிகளின் அக்னி கோயில். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், சென்னை மாவட்டத்தில் 7.72 சதவீதம். வயதானவர்கள் இன்னும் "அவங்க வேதக்காரங்க" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் பகை இல்லை. கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு இந்தத் தெருக்களில் நடக்க யாரும் அஞ்சுவதும் இல்லை.

மதச் சுதந்திரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு சண்டைகள். ஜெபக்கூடம், ஒலிபெருக்கி, அக்கம்பக்கத்தார் புகார், காவல் நிலையம். அப்படியொரு வழக்கு இங்கிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் இருந்த பெந்தெகொஸ்தே ஜெபக்கூடம் ஒன்றில் டிரம்மும் கிதாரும் ஒலிபெருக்கியும் முழங்கின. பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கம் 1996இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் காவல்துறைக்கும் புகார் எழுதியது. பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சிறுபான்மையினரின் வழிபாட்டை முடக்கும் உள்நோக்கத்தோடு போட்ட வழக்கு இது என்றது சபை. சத்தம் சாலையில் ஓடும் வண்டிகளுடையது என்றும் வாதாடியது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மற்றவர் அமைதியைக் கெடுத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. ஒலி மாசு விதிகள் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வந்திருந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது எல்லோருக்கும் பொதுவான அளவு.

அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஆடி மாதத்துக் கூழ் வார்க்கும் திருவிழாவுக்கும் அதே டெசிபல்தான், பள்ளிவாசல் பாங்குக்கும் அதே டெசிபல்தான். எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் விதி ஒரு மதத்தின் குரல்வளையை நெரிப்பதாகாது. அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஒரு வாசலுக்கு மட்டும் போகும் காவலர் வேறு சங்கதி. அங்கே குற்றம் விதியைக் கையாள்பவருடையது.

கட்டட அனுமதியில் அந்த நேர்மை குறைவு. தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள், 1997இல் 4(3) என்ற விதி இருக்கிறது. பொது வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதி கெடும் என்று அவர் கருதினால் மறுக்கலாம். எழுத்தில் இதுவும் பொதுவானதுதான். ஆனால் பொது அமைதி கெடுமா என்பதை, எத்தனை பேர் எதிர்த்து மனு கொடுத்தார்கள் என்பதை வைத்துக் கணிக்கும்போது, எண்ணிக்கை குறைந்தவர்களின் உரிமை எண்ணிக்கை மிகுந்தவர்களின் சம்மதத்தில் தொங்குகிறது.

2002இல் வந்தது நேரடியான சட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 5 அன்று ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாத முடிவுக்குள் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் 3 ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறாராகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் 4 ஆண்டு, ஒரு லட்சம். மதமாற்றச் சடங்கு நடத்தியவர் அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும். கிறிஸ்தவப் பள்ளிகள் ஒருநாள் கதவடைத்தன, உண்ணாவிரதங்கள் நடந்தன. 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஓர் இடம்கூடப் பெறாமல் தோற்றது. அதே மே மாதத்தில் அரசே அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. அந்தத் தண்டனைப் பட்டியலில் எனக்கு உறுத்துவது அந்தக் கூடுதல் ஓர் ஆண்டு. ஓர் ஆதிதிராவிடர், ஒரு பெண் மதம் மாறினால் அது அவர்களுடைய யோசனையாக இருக்க வாய்ப்பு குறைவு, யாரோ அழைத்துப் போயிருப்பார்கள் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சட்டம் போய்விட்டது. அந்த எண்ணம் போகவில்லை.

அது எங்கே குடியிருக்கிறது என்பதைக் காட்டியவர் ஒரு செருப்புத் தொழிலாளி.

1982இல் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. மெட்ராஸ் வீதியோரங்களில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை வழங்க ஆணையிட்டது. பட்டியல் சாதியினர் நலனுக்காக மத்திய அரசு தரும் சிறப்பு உதவியிலிருந்து அந்தத் திட்டம் நடந்தது. சூசை ஆதிதிராவிடர். வீதியோரத்தில் செருப்புத் தைத்தார். அக்கம்பக்கத்தில் அதே வேலை செய்த அதே சாதிக்காரர்களுக்குப் பங்க் கடை கிடைத்தது. சூசை கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

ஒரு பெட்டிக்கடை அளவு தகரக் கூடு. அதற்காகத் தொடங்கிய வழக்கு, குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றையே கேள்வி கேட்பதாக வளர்ந்தது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்த எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. அது சமத்துவத்துக்கும் மதச் சுதந்திரத்துக்கும் எதிரானது என்பது சூசையின் வாதம். தலைமை நீதிபதி பி.என். பகவதி, ஏ.என். சென், ஆர்.எஸ். பாடக் ஆகியோர் விசாரித்தார்கள். 1985 செப்டம்பர் 30 அன்று பாடக் எழுதிய தீர்ப்பு மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது. இந்து சமூகத்துக்குள் அந்தச் சாதியினர் பட்ட இழிவும் பின்தங்கலும் ஒப்பிடத்தக்க அளவில் கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதையும் மனுதாரர் வைக்கவில்லை. இதுதான் காரணம்.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. வீதியோரத்தில் ஊசியும் மெழுகும் தோல் துண்டுமாக உட்கார்ந்திருந்த மனிதரிடம் சமூகவியல் ஆய்வு கேட்கப்பட்டது. அதைவிட முக்கியமானது, அளக்கச் சொன்ன இடம் தவறு. சூசையின் இழிவைக் கிறிஸ்தவ சமூகத்துக்குள் தேடச் சொன்னது நீதிமன்றம். அவர் பிழைப்பு நடத்தியதோ மெட்ராஸ் வீதியில். செருப்பைக் கழற்றி அவர் முன்னால் போட்டவர்கள், காசைக் கையில் தராமல் தரையில் வைத்தவர்கள் இருந்திருந்தால் அவர்கள், அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா நடந்துகொண்டார்கள்? வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவரிடம் வீட்டுக்காரர் ஊரைக் கேட்பார், தெருவைக் கேட்பார். கண்டுபிடித்ததும் கதவு மூடிக்கொள்ளும். மூடியவருடைய மதம் எதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பத்தியை 1950இல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1936இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பட்டியல் சாதியினர் ஆணையே இந்தியக் கிறிஸ்தவர்களை விலக்கிவைத்தது. அன்று கிறிஸ்தவர்களுக்கெனத் தனித் தொகுதிகள் இருந்தன. ஒருவரை இரண்டு பட்டியலில் வைக்க முடியாது என்ற கணக்கு அதில் இருந்தது. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் கிறிஸ்தவப் பிரதிநிதிகள் தங்களுக்கான இட ஒதுக்கீட்டைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள். வங்காளத்தின் எச்.சி. முகர்ஜியும் நம் லயோலா கல்லூரியின் அருள்தந்தை ஜெரோம் டிசோசாவும் அதில் முன்நின்றவர்கள். நாட்டின் மீதான நம்பிக்கையில் செய்த பெருந்தன்மை அது. ஆனால் விலக்கு ஆணைக்கான பழைய கணக்கு அதோடு தீர்ந்துபோனது; விலக்கு மட்டும் மறு ஆண்டே மூன்றாவது பத்தியாக நிலைத்தது. தனி இடமும் போயிற்று, பட்டியலும் இல்லை. பறிபோனது சேரிக் கிறிஸ்தவர்களுக்கு. பேசப் போனவர்கள் சேரியிலிருந்து போகவில்லை.

இதற்குச் சரியாக நூறாண்டுக்கு முன்னால் இதே மெட்ராஸில் இதே கேள்வி வேறு உருவில் வந்திருக்கிறது. மதம் மாறினால் ஒருவர் எதை இழக்க வேண்டும்? பழைய வழக்கப்படி அவர் சாதியிலிருந்து விலக்கப்பட்டால் குடும்பச் சொத்தில் பங்கும் போய்விடும். 1850இல் கம்பெனி அரசு 21ஆம் சட்டத்தை இயற்றியது: சாதியை இழப்பதாலோ மதத்தைத் துறப்பதாலோ ஒருவருடைய சொத்துரிமை பறிபோகாது. மெட்ராஸில் இதற்குக் கடும் எதிர்ப்பு. பின்னாளில் சென்னை சுதேசிச் சங்கத்தைத் தோற்றுவித்த கஜுலு லட்சுமிநரசு செட்டி எதிர்ப்பாளர்களில் முன்னணியில் நின்றார். மிஷனரிகளுக்குச் சாதகமாக அரசு நம் குடும்ப அமைப்பில் கை வைக்கிறது என்பது அவர்கள் கோபம். கம்பெனியும் மிஷனும் கைகோத்திருந்த காலத்தில் அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பெல்லாரியில் பறையர் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. ஆபிரகாம் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பார்கள். 1863இல் வந்த தீர்ப்பு, மதம் மாறியவர் தம் பழைய வழக்கத்தோடு வாழ்வதா புதியதை ஏற்பதா என்பதை அவருடைய வாழ்க்கை முறையே காட்டும் என்றது. தேர்வு அவருடையது.

ஆக 1850இல் அந்நிய அரசு, மதம் மாறினால் உன் சொத்து போகாது என்றது. 1950இல் நம் அரசு, மதம் மாறினால் உனக்கான பாதுகாப்பு போகும் என்றது. முதலாவது சொத்து உள்ளவர்களுக்கு உதவியது. இரண்டாவது சொத்து இல்லாதவர்களைத் தாக்கியது.

சரி, கிறிஸ்தவரான எல்லோரும் இழக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. இதைப் பார்க்க நம் கடற்கரைப் பட்டையைவிட நல்ல இடம் கிடையாது. காசிமேட்டு மீனவர் ஒருவர் கிறிஸ்தவரானால் அவர் சாதிச் சான்றிதழ் மாறாது. தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மீனவர் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே, கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் உட்பட என்று எழுதியிருக்கிறது. எண்ணூருக்கு வடக்கே உப்பங்கழியில் இறால் தடவும் இருளர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றால் அவர் பழங்குடியினராகவே இருப்பார். பழங்குடிப் பட்டியலுக்கு மதம் கிடையாது. ஆதிதிராவிடர் மட்டும் அதே ஞானஸ்நானத்தில் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். ஒரே சபை, ஒரே தண்ணீர், மூன்று விதமான சான்றிதழ்.

மதத்தையும் மாற்றிப் பார்க்கலாம். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் மூன்றாவது பத்திக்குள் சேர்க்கப்பட்டார்கள். 1898இல் இலங்கை போய்ப் பௌத்தம் தழுவி வந்த அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் மெட்ராஸிலும் கோலார் தங்கவயலிலும் வேரூன்றியது. அந்த வழியில் புத்தரைத் தொழும் ஆதிதிராவிடக் குடும்பம் இன்று பட்டியல் சாதி. பக்கத்து வீட்டில் கிறிஸ்துவைத் தொழும் குடும்பம் பிற்படுத்தப்பட்டோர். மசூதிக்குப் போகும் குடும்பத்தையும் அதே பத்தி வெளியே நிறுத்துகிறது. பௌத்தத்திலும் சீக்கியத்திலும்தான் சாதிக்குக் கோட்பாட்டில் இடமில்லை. கோட்பாட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் அவையும் வெளியேதான் நின்றிருக்கும். தெருவைப் பார்த்துப் போட்டிருந்தால் நால்வரும் உள்ளே இருந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசுகள் தம்மால் முடிந்ததைச் செய்தன. கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தன. கல்வி உதவித்தொகையில் ஆதிதிராவிட மாணவர்களுக்கான சலுகைகளை நீட்டித்தன. அதாவது ஒரே மாணவி உதவித்தொகை விண்ணப்பத்தில் ஆதிதிராவிடருக்குச் சமம், கல்லூரிச் சேர்க்கையில் பி.சி. 2007இல் கிறிஸ்தவர்களுக்கென 3.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்துப் பார்த்தார்கள். கிடைக்கும் இடங்கள் குறைகின்றன என்று கிறிஸ்தவ அமைப்புகளே சொன்னதால் மறு ஆண்டு அது திரும்பப் பெறப்பட்டது. மாநில அரசால் தொட முடியாதவை இரண்டு. ஒன்று, தனித்தொகுதி. பக்கத்தில் இருக்கும் திரு.வி.க. நகர் தனித்தொகுதியில் தலித் கிறிஸ்தவர் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. மற்றொன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சாதிப்பெயர் சொல்லி அடித்தவர் மீது அந்தச் சட்டத்தில் வழக்குப் போட, அடிபட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். அடித்தவருக்கு அவர் சாதி தெரிந்திருக்கிறது. சட்டத்துக்குத் தெரியவில்லை.

நீதிமன்றங்கள் இதில் எங்கே நிற்கின்றன என்று கேட்டால் நேரான பதில் இல்லை. 1951இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்றாவது பத்தியை எதிர்த்து மைக்கேல் என்பவர் வழக்காடித் தோற்றார். பிறகு தங்கவயல். தமிழ்த் தொழிலாளர்களின் அந்தச் சுரங்க நகரத்துத் தனித்தொகுதியில் எஸ். ராஜகோபால் 1967இல் வென்றார். ஒருகாலத்தில் கிறிஸ்தவரானவர் என்று சொல்லி சி.எம். ஆறுமுகம் வழக்குப் போட்டு அந்த வெற்றியைச் செல்லாததாக்கினார். 1972இல் ராஜகோபால் மறுபடி வென்றார், ஆறுமுகம் மறுபடி வழக்குப் போட்டார். இந்த முறை உச்ச நீதிமன்றம் ராஜகோபால் பக்கம் நின்றது. தென்னிந்தியாவில் மதம் மாறியவரிடம் சாதி தொடர்வதுண்டு. இந்துவாகத் திரும்பியவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் அவர் அந்தச் சாதிதான் என்று எழுதியவர் பகவதி. சூசை வழக்கில் தலைமை நீதிபதியாக அமர்ந்திருந்த அதே பகவதி. இந்த வழக்குகளில் ஒருவருடைய மனச்சாட்சிக்குச் சான்று கொடுக்கும் அதிகாரம் சாதிக்குப் போய்ச் சேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். திரும்பி வந்தேன் என்று அவர் சொன்னால் போதாது. ஊர் சொல்ல வேண்டும்.

அண்மைக் காலத்தில் இரண்டு தீர்ப்புகள். இராமநாதபுரத்து மருத்துவர் ஒருவர் கிறிஸ்தவரை மணந்தார். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்குகிறது என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரிகளைக் கண்டித்துச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. கணவரோடும் பிள்ளைகளோடும் ஒருவர் தேவாலயத்துக்குப் போவதாலேயே தன் மதத்தை விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, தவறாமல் தேவாலயம் போய்வரும் ஒருவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புக்கே செய்யும் மோசடி என்றது. இரண்டு வழக்கின் உண்மைகளும் வேறுவேறு. சட்டப்படி இரண்டுக்கும் இடமிருக்கலாம். ஆனால் இந்தத் தெருவில் இருப்பவர்கள் அவற்றிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: சிலுவையை எங்கே மாட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம் என்பதை யாரோ குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த அச்சத்தைத்தான் மதச் சுதந்திரத்தின் இழப்பு என்கிறேன். கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. கும்பிடுகிறேன் என்று சொல்வதற்கு விலை வைத்திருக்கிறார்கள். மோசடி என்ற சொல்லைச் சான்றிதழ் வாங்கியவர் மீது போடுவது எளிது. உண்மையைச் சொன்னால் தண்டனை, மறைத்தால் சலுகை என்று ஏற்பாடு செய்துவிட்டு, மறைத்தவரை மட்டும் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

எதிர்வாதங்களில் ஒன்றை மதிக்கிறேன். இந்து தலித்துகளில் பலர், மிஷன் பள்ளிகளில் ஒரு தலைமுறை முன்னதாகவே படித்தவர்கள் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வந்தால் நம் பிள்ளைகளுக்கு இடம் குறையும் என்கிறார்கள். துப்புரவுப் பணியிலும் தோல் வேலையிலும் கிடப்பவர்களின் அச்சம் அது. அதை மதவெறி என்று ஒதுக்க முடியாது. மக்கள்தொகைக்கு ஏற்ப மொத்த அளவைக் கூட்டுவது, உள் ஒதுக்கீடு செய்வது என்று அதற்கு வழிகள் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பை நீட்டிப்பதால் யாருக்கும் ஓர் இடம்கூடக் குறையப்போவதில்லை. அதையாவது முதலில் செய்திருக்கலாம்.

மற்றொரு வாதம், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது. மத்திய அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலும் ஏறக்குறைய அதையே சொன்னது. இங்கேதான் தலித் கிறிஸ்தவரின் நிலை மிகவும் கொடியதாகிறது. சூசை தீர்ப்பின்படி அவர் உரிமை பெற வேண்டுமானால், தன் சபைக்குள் தான் தீண்டத்தகாதவராக நடத்தப்படுவதை நிரூபிக்க வேண்டும். அன்பு காட்டியதால் தேடிப்போன இடத்துக்கு எதிராகவே சாட்சி சொல்ல வேண்டும். சபைக்கோ அதை ஒப்புக்கொள்ள வெட்கம். சாட்சிக்குப் பஞ்சமில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை விட்டொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்; தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதினார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் குழிகளைப் பிரித்து ஒரு சுவர். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு ஆலயம் கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோம் சென்றிருந்தபோது போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. இத்தனைக்குப் பிறகும் சாதி இல்லை என்று அரசு சொல்வதும், டெல்லியில் போராட்டம் நடத்தும் சபைத் தலைவர்கள் தங்கள் கல்லறைத் தோட்டங்களைப் பற்றி மெல்லிய குரலில் பேசுவதும் ஒன்றுக்கொன்று துணைபோகின்றன. அந்தச் சுவர்களை இடிக்க மூன்றாவது பத்தி எந்த வகையிலும் தடையாக இல்லை.

1985இல் நீதிமன்றம் கேட்ட ஆய்வுகளும் வந்துவிட்டன. தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்காகச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2008இல் அறிக்கை தந்தார். அதற்கு முன், 2007 மே மாதத்தில், நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை முழுவதுமாக நீக்கப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படவே 2009 டிசம்பர் ஆயிற்று. பின்னர் வந்த அரசு அதைக் குறையுள்ளது என்று ஏற்க மறுத்தது. 2022 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம், இரண்டாண்டு கெடுவோடு. கெடு முடிந்ததும் நீட்டித்தார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியது.

மூன்றாவது பத்தியை எதிர்க்கும் பொதுநல வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலானது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் 2022 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு கல்மண்டபத்து வரிசையில் நின்றார்கள். பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது அதற்கு நான்கு மாதம் கழித்து. அதற்குள் அவர்கள் அந்தக் கட்டத்தில் எதையோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டிருந்தார்கள்.